பூகோளம், சரித்திரம், ஜனத்தொகை

என் தங்கை மகன் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் வேலையில் இருக்கிறான். போன தடவை லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தான். கால்வ் என்ற ஊரைப் பற்றியது. 'ஒங்க ஹெஸ்ஸே பொறந்த ஊரு மாமா. ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா போய்ப் பாத்துட்டு வந்தேன்' என்றான். ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். 'நம்ம ஊரு மாதிரிதான். ஒண்ணும் இல்ல' என்றான். அவன் தாய்மாமனை அவன் அறிந்திருக்கவில்லை. ஒன்றுமில்லை என்று ஒருவன் சொல்லிவிட்டால் எனக்கு மூன்று நாள் தூக்கம் போய்விடும்.

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. முதல் பகுதி பூகோளம், இரண்டாவது சரித்திரம், மூன்றாவது ஜனத்தொகை. கருங்காடு என்கிற மலைப்பிரதேசத்தின் வடபகுதியில் நாகோல்ட் ஆற்றின் கரையில் இருக்கிறது கால்வ். முன்காலத்தில் மலையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விடுவார்கள். நாகோல்டிலிருந்து பெரிய ஆறுகளுக்குப் போய், ரைன் நதி வழியாக ஹாலந்து வரை அந்த மரங்கள் போகும். 1634ல் முப்பதாண்டுப் போரில் ஊர் எரிந்தது. கட்டினார்கள். 1692ல் பிரெஞ்சுப் படை வந்து மறுபடியும் எரித்தது. மறுபடியும் கட்டினார்கள். 1872ல் ரயில் வந்தது. 1975ல் சுற்றியுள்ள கிராமங்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் பெரிதாயிற்று. இன்று ஜனங்கள் இருபத்துமூவாயிரத்தை ஒட்டி. ஆற்றுப்பாலத்தில் ஒரு பழைய சிறு தேவாலயம். அந்தப் பாலத்தில்தான் இப்போது ஹெஸ்ஸேக்குச் சிலை. 1877ல் ஹெஸ்ஸே பிறந்த வீடு சந்தைச் சதுக்கத்தில் இருக்கிறது.

நான் ஹெஸ்ஸேயைத் தெரிந்துகொண்டது திருலோக சீதாராம் மொழிபெயர்த்த 'சித்தார்த்த'னில். என் தலைமுறையில் எழுத வந்தவர்களில் பாதிப்பேர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். வந்தவர்களில் பலர் நதிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அப்போதெல்லாம் இந்த மனுஷனுக்கு நம்முடைய சமாச்சாரம் எப்படித் தெரிந்தது என்று பெரிய ஆச்சரியமாக இருந்தது. பிறகு தெரிந்தது: ஹெஸ்ஸேயின் தாய் மரீ பிறந்தது தலைச்சேரியில், 1842ல். மரீயின் தகப்பனார் ஹெர்மன் குண்டர்ட். 1872ல் மலையாள அகராதி போட்ட அதே குண்டர்ட். இந்தியாவுக்கு 1836ல் வந்தவர், மலபாருக்குப் போவதற்கு முன் சில காலம் இருந்தது நம் திருநெல்வேலியில், ரேனியுஸ் பாதிரியாரோடு. ஆக, கால்வ் என்ற ஊரின் பூகோளத்தில் தலைச்சேரியும் திருநெல்வேலியும் சேர்த்திதான். ஹெஸ்ஸே 1911ல் கப்பலேறி இலங்கை, சுமத்ரா வரை வந்தார். இந்தியாவில் கால் வைக்காமலே திரும்பிப் போனார். சொந்த ஊரை கெர்பர்ஸாவ் என்று பேர் மாற்றிக் கதைகளில் வைத்துக்கொண்டார். உண்மைப் பேரோடு ஊரை எழுதுவதில் ஒரு கூச்சம் இருந்திருக்க வேண்டும். எனக்கும் இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷம் அச்சன்புதூரைப் பற்றி ஒரு வரி நான் எழுதியதில்லை.

ஒரு பழைய நோட்டை எடுத்து அதே மூன்று தலைப்புகளைப் போட்டேன்.

பூகோளம் லேசாக வந்தது. தென்காசிக்கு வடக்கே இருக்கிறது ஊர். மேற்கே வடகரை, பண்பொழி, அதற்கப்பால் மேக்கரை, அதற்கப்பால் மலை. ஊரில் எந்தத் தெருவிலிருந்து மேற்கே பார்த்தாலும் மலை நிற்கும். பண்பொழித் திருமலைக் கோவில் குன்று அதற்கு முன்னால் ஒரு குழந்தை மாதிரி நிற்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து சாரலைக் கொண்டுவரும். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் ஒரு உல்லாசம். எங்களுக்கு அது கார்ப்பருவம். நாற்றுப் பாவுவதா வேண்டாமா என்ற கேள்வி. கிழக்கே பத்து மைல் போய்விட்டால் காற்று மட்டும்தான் வரும், சாரல் வராது. சுரண்டைப் பக்கம் இப்போது காற்றாலைகளாக நிற்பதைப் பார்த்தால், சாரல் கிடைக்காத ஜனங்கள் கடைசியில் காற்றையாவது விற்றார்களே என்று தோன்றும்.

தண்ணீர் சிற்றாற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அனுமன் நதி, கருப்பாநதி, குண்டாறு என்று மலையிலிருந்து இறங்குகிறவை எல்லாம் சிற்றாற்றின் வகையறா. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும். மேக்கரையில் அடவிநயினார் அணை, 132 அடி. செங்கோட்டைக்கு மேலே குண்டாறு அணை, 36 அடி. வருஷா வருஷம் குண்டாறு முதலில் நிறைந்து பத்திரிகையில் பேர் வாங்கிவிடும். சின்னப் பாத்திரம் சீக்கிரம் நிறையும். கவிஞர்கள் விஷயத்திலும் இது உண்டு. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல்களில் பாதி இன்று தென்னந்தோப்பு. மலையடிவாரத் தோப்புகளில் யானை இறங்கிக் குருத்தைப் பிடுங்கித் தின்கிறது. ராத்திரி டிராக்டர் சத்தமும் வேட்டுச் சத்தமும் கேட்கும். அப்பா காலத்தில் யானை என்பது பக்கத்து ஊர்த் திருவிழாவில் பார்ப்பது.

சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன். தென்காசிக்குப் பராக்கிரம பாண்டியன் இருக்கிறான். 1446ல் விசுவநாதர் கோவில் எழும்ப ஆரம்பித்தது. வடகரைக்கு ஒரு பாளையம் இருக்கிறது. சொக்கம்பட்டிப் பாளையத்துக்கு வடகரை என்றே ஒரு பேர் உண்டு. செங்கோட்டைக்குத் திருவிதாங்கூர் மகாராஜா. 1956 நவம்பர் 1ந் தேதி வரைக்கும் செங்கோட்டைத் தாலுகா மலையாள ராஜ்யம். குற்றாலத்துக்கு ரசிகமணி இருந்தார். கடையநல்லூர் முஸ்லிம்களுக்குச் சிங்கப்பூரில் 1941லேயே ஒரு சங்கம் இருந்தது. அச்சன்புதூருக்கு? ஸ்டுவர்ட் 1879ல் ஜில்லா மானுவல் எழுதினான். பேட் 1917ல் கெஜட்டியர் எழுதினான். அவர்கள் எழுதியதெல்லாம் ராஜாக்களும் கோவில்களும் கலகங்களும் நடந்த இடங்கள். எங்களூரில் கலகம் செய்ய யாருக்கும் சாவகாசம் இருந்ததில்லை. இன்றைக்குப் பத்திரிகையில் எங்கள் ஊர்ப் பேர் வருவதெல்லாம் 'அச்சன்புதூர் போலீசார் வழக்குப்பதிவு செய்து' என்ற ஒரே வாக்கியத்தில். அதுவும் குற்றம் நடந்தது வடகரையிலோ மேக்கரையிலோ இருக்கும். ஸ்டேஷன் மட்டும் எங்களுடையது.

ஊர் நகராமலே ஜில்லா மட்டும் பேர் மாறிக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலியாக இருந்தது 1986ல் நெல்லை கட்டபொம்மன் ஆயிற்று. 1997ல் மறுபடி திருநெல்வேலி. 2019 நவம்பரில் தென்காசி. அப்பா இருந்திருந்தால் கடிதத்தில் விலாசம் எழுதுவதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்திருப்பார்.

அப்பா ஊரில் எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியார். ஊர்ப் பேருக்கு அவர் ஒரு சரித்திரம் வைத்திருந்தார். அச்சன் என்றால் மலையாளத்தில் தகப்பன். மேக்கரைக்கு மேலே மலையைத் தாண்டினால் அச்சன்கோவில். அந்தச் சாஸ்தாவின் ஜனங்கள் இறங்கிவந்து குடியேறிய புது ஊர் இது என்பது அவர் கட்சி. வகுப்பில் வருஷாவருஷம் சொல்வார். கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் அதை நம்பிவிட்டார்கள். இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், ஆயிரம் வருஷமாகச் சொல்லிவருவதைப் போல. ஐதீகம் எப்படி உண்டாகிறது என்று நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேரில் நம்பிக்கை விழுவது பின்பாதியில் மட்டும்தான். புதூர். யாரோ எங்கிருந்தோ வந்தார்கள், ஏற்கனவே இருந்த ஊர்களுக்கு நடுவில் இடம் பார்த்தார்கள்.

மூன்றாவது தலைப்பு ஜனத்தொகை. இதற்குப் பேனா ஓடாது என்று எனக்கு முதலிலேயே தெரியும். பூகோளம், சரித்திரம் என்று சுற்றிக்கொண்டிருந்ததே இதைத் தள்ளிப்போடத்தான்.

1981 பிப்ரவரியில் நான் ஜனத்தொகைக் கணக்கெடுக்கிற ஆளாகப் போனேன். அப்போது எனக்கு வயது இருபத்துநாலு. வாத்தியார் வேலை கிடைத்து இரண்டு வருஷம். வாத்தியார்கள்தான் கணக்கெடுக்க வேண்டும் என்பது சர்க்கார் வழக்கம். பிப்ரவரி 9லிருந்து 28 வரை வீடு வீடாகப் போகவேண்டும். மார்ச் 1 சூரிய உதயத்தில் தேசம் எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு. அதன் பிறகு ஐந்து நாள், பிறந்தது செத்தது பார்த்துத் திருத்த. எனக்குக் கொடுத்த பகுதியில் எங்கள் தெருவும் இருந்தது. ஐந்தில் ஒரு பகுதிக்குத்தான் கூடுதல் கேள்விகள் வைத்திருந்தார்கள். என் பகுதி அதில் விழுந்தது. பிறந்த ஊர் எது, கடைசியாக இருந்த ஊர் எது, ஏன் பெயர்ந்து வந்தீர்கள் என்ற கேள்விகள். ஏன் என்ற கேள்வி அந்த வருஷம்தான் முதல்முதலாகச் சேர்ந்தது. வேலை, படிப்பு, குடும்பத்தோடு வந்தது, கல்யாணம், இதர காரணம்.

நாலாவது நாளே ஒன்று புரிந்தது. ஆண்கள் எல்லோரும் பிறந்தது இங்கே. பெண்கள் யாருமே இங்கே பிறக்கவில்லை. ஆய்க்குடி, இலத்தூர், கடையநல்லூர், சாம்பவர்வடகரை, புளியரை என்று எழுதிக்கொண்டே போனேன். காரணம், கல்யாணம். ஊர், ஊர் என்று நாம் மார்தட்டுகிறோமே, அது ஆண்கள் பாத்தியதை கொண்டாடுகிற ஒரு சமாச்சாரம். பாதி ஜனம் வெளியூர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வேறு குளத்தையும் வேறு தெருவையும் மனசில் வைத்துக்கொண்டு இந்தத் தெருவைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். மண் மணக்க மணக்க எழுதுகிற நம் நாவலாசிரியர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்மா பிறந்தது புளியரை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது மகாராஜா நாடு. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று அவளுக்குக் கடைசி வரை மனப்பாடம். கணக்கு என்றால் அம்மாதான். அப்பா ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டாலும் வீட்டில் பால் கணக்கு முதல் வட்டிக் கணக்கு வரை அம்மா வாயிலேயே முடியும்.

அம்மா பீடி சுற்றினாள். இதை எழுதுவதற்கு எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பீடி சுற்றாத தெரு கிடையாது. மத்தியப் பிரதேசத்துக் காட்டு இலை இங்கே வந்து இறங்கும். இலையை நனைத்துவைத்துத் தகடு வைத்துக் கத்தரித்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடித்துக் குத்தி, நாள் ஒன்றுக்கு ஆயிரம். கடையில் கணக்கப்பிள்ளை எடுத்துப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துத் தள்ளுவான். கழிவுக்குக் கூலி கிடையாது, இலைக்குக் கணக்கு மட்டும் உண்டு. மற்றப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுவார்கள். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அம்மா சுற்றியது பின்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. வாத்தியார் வீட்டம்மா பீடி சுற்றுகிறாள் என்று வரக்கூடாது. கடைப் பாஸ்புத்தகமும் அம்மா பேரில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மை பேரில். பெரியம்மை தன் ஆயிரத்தோடு அம்மாவின் ஆயிரத்தையும் கொண்டுபோய்ப் போட்டுக் கூலியைப் பிரித்துக் கொடுப்பாள். என் ஆசிரியப் பயிற்சி இரண்டு வருஷத்துக்கும் ஹாஸ்டல் பணம் அந்தக் கூலியிலிருந்து போனது. அப்பா சம்பளம் வயலுக்கு வாங்கிய கடனுக்கு.

எங்கள் வீட்டுக்கு நான் கடைசியில்தான் போனேன். நார்க்கட்டிலில் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன். அப்பா துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், வேறு யாரோ ஒரு உத்தியோகஸ்தன் வந்திருக்கிறான் என்பது போல. பேர், வயது, தாய்மொழி எல்லாம் சொன்னார். அம்மாவின் சீட்டில் பதினாலாவது கேள்வி: போன வருஷத்தில் எப்போதாவது வேலை செய்ததுண்டா? ஆம் என்றால் ஒரு வரிசை, இல்லை என்றால் ஒரு வரிசை. இல்லை என்கிற பக்கத்தில் வீட்டுவேலை என்று ஒரு குறி.

'வீட்டு வேலைன்னு போடு' என்றார் அப்பா.

பின்கட்டில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுதாமல் இருந்தேன். சத்தம் நின்றது. அம்மா நிலையில் வந்து நின்றாள். விரல்நுனியெல்லாம் தூள்.

'அவுக சொன்னபடி எழுதிக்கோல. கணக்குல வந்துட்டா கடைக்காரன் கூலியக் கூட்டிருவானா?'

எழுதினேன். எங்கள் வீட்டில் மட்டும் என்றால் அதை நான் அப்பாவின் மேல் போட்டுவிடலாம். தெரு முழுக்க அப்படித்தான் எழுதியிருந்தேன். திண்ணையில் சுளகோடு உட்கார்ந்திருக்கிறவளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அவள் புருஷன் சொல்கிற 'சும்மா வீட்லதான் இருக்கா'வை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கேள்வி சரியாகத்தான் இருந்தது. எப்போதாவது என்று தெளிவாகவே கேட்டிருந்தது. பயிற்சி வகுப்பில் எங்களுக்கு விளக்கமாகச் சொல்லியும் இருந்தார்கள். பதில் எழுதியது நான். 1991ல் அதே கேள்வியில், சொந்த வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்கிற வேலையும் சேர்த்தி என்று ஒரு வாசகம் சேர்த்தார்கள் என்று படித்தபோது, என்னைப் போல எத்தனை ஆயிரம் வாத்தியார்கள் இந்தத் தேசத்தில் எத்தனை நிலைப்படிகளில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு ஆறுதலாக இல்லை.

கால்வ் புத்தகத்துக்குத் திரும்பினேன். சரித்திரப் பகுதியில் முதல் தடவை கண்ணில் படாத ஒரு பாரா இருந்தது. 1650லிருந்து 1797 வரை அந்த ஊரில் ஒரு துணிக் கம்பெனி இருந்தது. சுற்றுவட்டாரத்து நெசவாளிகள் வீட்டில் நெய்த கம்பளித் துணியைக் கம்பெனிக்குத்தான் போடவேண்டும், வேறு யாருக்கும் விற்கக்கூடாது. விலை கம்பெனியும் நெசவாளர் சங்கமும் பேசி வைத்தது. நூல் நூற்ற பெண்களுக்கு அந்தச் சங்கத்திலும் இடமில்லை. அவர்கள் கூலியை மற்றவர்கள் கூடிக் குறைத்து வைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் கட்டிய வீடுகளைத்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். ஆனாலும் அங்கே ஒன்று நடந்திருக்கிறது. ட்ரோல்ட்ஷ் என்று ஒருவர் 1897லேயே அந்தக் கம்பெனியையும் அதன் தொழிலாளிகளையும் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நூறு வருஷம் கழித்து, 1997ல், ஷீலா ஓகில்வி என்ற பெண்மணி அந்தப் பிரதேசத்து ரிக்கார்டுகளைக் கிண்டி, நூற்ற பெண்களின் கதையையும் வெளியே எடுத்தாள். எடுப்பதற்கு அங்கே காகிதம் இருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா அபராதம் போட்டதையாவது எழுதி வைத்திருந்தான்.

இங்கே குமாஸ்தா நான்.

பீடித் தொழிலாளிகளுக்கு 1966ல் ஒரு சட்டம் வந்தது. 1976ல் நல நிதி வந்தது, பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகைகூட உண்டு. பிராவிடண்ட் பண்டும் வந்தது. எல்லாவற்றுக்கும் பேர் வேண்டும். அம்மாவுக்குப் பேர் இல்லை. இருமல் இருந்தது. அப்பா 1994ல் போனார். அதற்குப் பிறகு அம்மா திண்ணைக்கு வந்து உட்கார்ந்து சுற்றினாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். 'இப்பம் யாருக்குப் பயந்து உள்ள இருக்கணும்?' என்று ஒரே கேள்வி கேட்டாள். என் சம்பளத்தைச் சொன்னேன். அவள் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல என்று புரிய எனக்குச் சில வருஷம் பிடித்தது.

பெரியம்மைக்கு வயதாகிக் கடைக்கணக்கை முடித்தபோது பிராவிடண்ட் பண்டு பணம் வந்தது. அன்று சாயங்காலம் முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா முன்னால் முடிச்சை அவிழ்த்து வைத்தாள். 'ஒம் பங்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. நீயே பாத்து எடுத்துக்கோ' என்றாள். சர்க்காரோ கடையோ சொல்லி வந்த பங்கு அல்ல. அந்தப் பாஸ்புத்தகத்தில் இரண்டு பேருடைய கை இருக்கிறது என்பது உலகத்தில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய் என்னைக் கூப்பிட்டாள். அரிசிக் குலுக்கைக்குப் பின்னால் ஒரு பழைய ஒற்றைக் கதவைச் சார்த்தி வைத்திருந்தது. நகர்த்தச் சொன்னாள். கதவின் உள்பக்கம் முழுக்கக் கரிக்கோடுகள். நாலு கோடு நிமிர்த்தி, அஞ்சாவதைக் குறுக்கே போட்டு, கட்டுக் கட்டாக. ஒரு கோடு ஒரு ஆயிரம். சுவரில் போட்டால் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து அழிந்துபோகிறது என்று கதவுக்கு மாற்றியிருக்கிறாள். இருபது வருஷத்துக் கணக்கு. நான் படிவத்தோடு நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்த அன்றும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, எனக்குப் பத்தடி பின்னால்.

அம்மா விரலால் தொட்டுத் தொட்டு வாய்க்குள் எண்ணினாள். பெரியம்மை கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பணத்தைப் பிரித்தார்கள். சில்லறை மிஞ்சியதற்கு ஒரு சின்னச் சண்டை, நீ எடுத்துக்கோ நீ எடுத்துக்கோ என்று.

2021ல் எடுத்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப்போய், 2027க்கு என்று அறிவித்தார்கள். கடைசியாக எண்ணியது 2011ல். அப்போது அம்மா இருந்தாள். எண்ண வந்த டீச்சர் ஒரு சின்னப் பெண். என்ன வேலை என்று கேட்டதற்கு அம்மா, அப்போது சுற்றுவதை விட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, 'பீடி' என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். போன வருஷத்துக்குத்தான் கேள்வி என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்ன எழுதிக்கொண்டாளோ.

வீட்டை இடித்துக் கட்டியபோது கதவை மட்டும் வைத்துக்கொண்டேன். தங்கை மகன் அதைப் பார்த்துவிட்டு, என்ன மாமா இது, யாரோ பிள்ளைகள் கிறுக்கியிருக்கிறதா என்று கேட்டான். கடைசிக் கட்டில் மூன்று கோடுகள்தான் இருக்கின்றன.